பேனட் மேல் ஆள் உட்காரக் கூடாது

பஸ்ஸில் டிரைவருக்கு இடது பக்கம் எஞ்சினை மூடி ஒரு மேடு இருக்கும். அதை நாங்கள் பேனட் என்போம். மேலே ரெக்சின் போட்டிருப்பார்கள். உட்கார்ந்தால் சூடு ஏறும், காலை நீட்ட முடியாது, பிரேக் போட்டால் கண்ணாடியில் போய் முட்ட வேண்டியதுதான். ஆனாலும் பஸ்ஸில் உள்ள மற்ற எல்லா இடத்தையும்விட அதற்குத்தான் மரியாதை. முதலாளி வீட்டு ஆள், டிரைவருக்குப் பெண் கொடுத்தவர், ஊரில் நாலு பேரை அதட்டுகிறவர் என்று யாராவது அதில் இருப்பார்கள். பின்னால் சீட் காலியாகக் கிடந்தாலும் அங்கேதான் இருப்பார்கள். டிரைவரோடு பேசிக்கொண்டு போவது ஒரு அந்தஸ்து. பேச ஆள் இருப்பது டிரைவருக்கும் அந்தஸ்துதான்.

நான் சேர்ந்த அன்றே முதலாளியிடம் சொல்லிவிட்டேன், என் பேனட்டில் ஆள் உட்காரக் கூடாது என்று.

அவர் சிரித்தார். "சரி வே, முதல்ல வண்டிய எடும்" என்றார். புதிதாக வந்தவன் நாலு நாள் விறைப்பாக இருப்பான், பிறகு சரியாகிவிடுவான் என்று நினைத்திருப்பார்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்குச் சலித்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த வேலையிலும் நான் நெடுநாள் நின்றதில்லை. திசையன்விளையில் சிமெண்ட் லோடு, வள்ளியூரில் மாட்டுச்சந்தை லாரி, கொஞ்ச காலம் கேரளா, பிறகு வளைகுடா. சிலதை நானாக விட்டேன், சிலது என்னை விட்டது. போன இடத்தில் எல்லாம் வீடு பார்த்து, அடுப்பு மாற்றி, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் என் மனைவி. பாளையங்கோட்டைக்கு அந்தப் பக்கம் இப்போது இருக்கும் வீட்டுக்கு வந்த அன்று பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே ஒரு சாமானும் வண்டியில ஏறாது. ஏறணும்னா நீங்க மட்டும் ஏறுங்க." அதனால் அந்த பஸ் வேலை எனக்கு முன்பிருந்த வேலைகளைப் போல இல்லை. அதை விடக் கூடாது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்.

பேனட் விஷயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

வளைகுடாவில் நான் ஓட்டியது விமானிகளை ஏற்றிப் போகும் வேன். ஹோட்டலிலிருந்து விமான நிலையம், விமான நிலையத்திலிருந்து ஹோட்டல். வானத்தில் போகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு பிரமிப்பு இருந்தது. ஒரு மாதத்தில் அது போய்விட்டது. அவர்களும் கொட்டாவி விடுகிறார்கள், தொப்பியை வேனில் மறந்துவிட்டுப் போகிறார்கள், மாமியாரைப் பற்றிப் புலம்புகிறார்கள். ஏறினால் இறங்கும் வரை பேச்சுதான்.

அவர்களில் நாகர்கோவில் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். துணை விமானி. தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என் பக்கத்து சீட்டில் வந்து உட்காருவான். ஒரு நாள் கேட்டேன்.

"உள்ளயும் இப்படித்தான் கதை அடிச்சிக்கிட்டே போவீங்களா தம்பி?"

"மேல ஏறினப்புறம் அடிப்போம்ணே. பத்தாயிரம் அடிக்குக் கீழ வாயத் திறக்கக் கூடாது. ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி. ஓட்டுறதைப் பத்தின பேச்சு மட்டுந்தான். சும்மா காப்பி வேணுமான்னு கேட்டுக்கூட யாரும் உள்ள கூப்பிட மாட்டாங்க."

"அதான் தானா ஓடுமாமே. பட்டனைத் தட்டினா போதும்னு சொல்லுதாங்க."

"தானாத்தான் ஓடும். அதுதான் தொந்தரவு. தானா ஓடுறதைப் பார்த்துக்கிட்டே இருக்கிறது இருக்கே, ஓட்டுறதைவிடக் கஷ்டம்ணே. நேத்தும் சரியா ஓடிச்சி, முந்தாநாளும் சரியா ஓடிச்சின்னு கண்ணு பார்க்கிறதை விட்டுரும். வாய் மட்டும் பார்த்தாச்சுன்னு சொல்லும்."

அப்போது நான் ஒரு ரவுண்டானாவுக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். "அப்ப நீ ஏன் தம்பி என் பக்கத்துல இருந்து பேசுத?" என்று கேட்டேன். விளையாட்டுக்குத்தான் கேட்டேன். அவன் சிரித்தான். மறுநாளிலிருந்து பின் சீட்டுக்குப் போய்விட்டான். எனக்குத்தான் பேச ஆள் இல்லாமல் போயிற்று.

பிறகு ஒரு நாள் காலையில் கேப்டனையும் அவனையும் கொண்டுவந்து ஹோட்டலில் இறக்கினேன். கேப்டன் உள்ளே போய்விட்டார். பையன் வேனைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன தம்பி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"கேப்டன் மகளுக்குக் கல்யாண மண்டபம் பார்த்த கதையைச் சொல்லிக்கிட்டு வந்தாரு. இறங்க ஆரம்பிச்சாச்சு, அப்பவும் சொல்லிக்கிட்டிருந்தாரு. சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவாரு. நிறுத்துங்கன்னு எப்படிச் சொல்ல? கீழ இருந்து முதல்ல ஒரு உயரம் சொன்னாங்க. அப்புறம் மாத்தி, அதுக்கு மேலயே நில்லுன்னாங்க. சரின்னு நான்தான் பதில் சொன்னேன். சொன்னதோட சரி, மெஷின்ல அந்த எண்ணை யாரும் மாத்தி வைக்கல. நான் வச்சிருப்பேன்னு அவரு நினைச்சாரு. அவரு வச்சிட்டாருன்னு நான் நினைச்சேன். அது பாட்டுக்கு இறங்கிப் போயிருச்சு. கீழ இருந்தவங்கதான் சத்தம் போட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் மேல ஏத்தினோம். சுத்தி வேற விமானம் இல்ல. பின்னால இருந்த சனங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒண்ணும் நடக்கல."

"ஒண்ணும் நடக்கலல்லா. விடு."

"அதுதான்ணே பயமா இருக்கு. வேன்ல வரும்போது அவரு மண்டபத்துக் கதையோட மீதியைச் சொன்னாரே, கேட்டியளா?"

கேட்டேன். கண்ணாடியில் அவரைப் பார்த்து நானும் சிரித்திருந்தேன்.

ஊருக்குத் திரும்பி வந்து மாஞ்சோலைக்கு ஜீப் ஓட்டினேன். மழையும் மூடுபனியும் யானைச் சாணமும் கிடக்கும் மலைப் பாதை. அங்கே யாரும் எனக்கு எதையும் நினைவூட்ட வேண்டியதில்லை. பயம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது. மேலே தேயிலைத் தோட்டம் மூடி, தொழிலாளிகள் வீடுகளைக் காலி செய்து இறங்கிய பிறகு ஜீப்புக்கு வேலை இல்லை. நானும் சமவெளிக்கு வந்து இந்த பஸ்ஸில் ஏறினேன். மலையில் பயம் உட்கார்ந்திருந்த இடத்தில் இங்கே மாமா வந்து உட்கார்ந்தார்.

மாமா என்றால் முதலாளியின் தாய்மாமா. வாழை இலை வியாபாரி. ஏறும்போதே அவர் குரல் பின்சீட்டு வரை போகும். பஸ்ஸே அவரை மாமா என்றுதான் கூப்பிடும். கெட்ட மனிதர் கிடையாது. யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் சடங்கு என்று எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக நிற்பவர். காலையில் ஜங்ஷனுக்கு வரும் நடையில் தினமும் ஏறுவார். ஏறினால் பேனட்.

"மாமா, பின்னால இருங்க. சீட் இருக்கு."

"இதுவும் சீட்டுதாம்லே."

"டிரைவர் பக்கத்துல ஆள் இருக்கக் கூடாது மாமா. கவனம் போயிரும்."

"நான் என்ன கொமரிப் பிள்ளையா, என்னைப் பார்த்து உனக்குக் கவனம் போக?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் ஸ்டெப்னி டயரைத் தூக்கிப் பேனட் மேல் போட்டுக் கயிற்றால் கட்டினேன். மாமா ஏறினார், பார்த்தார், டயர் மேல் உட்கார்ந்தார். "நம்ம டிரைவர் எனக்கு மெத்தை போட்டிருக்கான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். முன்பு கண்ணாடிக்குக் கீழே இருந்த அவர் தலை இப்போது எனக்கு இடது பக்கக் கண்ணாடியை மறைத்தது. டயரை அவிழ்த்துவிட்டேன்.

அவர் பேச்சைக்கூடப் பொறுத்திருப்பேன். பதில் சொல்லாமல் ஓட்டினால் போயிற்று. அந்தத் திருநீற்றைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் வழியில் ஓர் இடத்தில் ரோடு கால்வாய்க் கரை மேல் ஏறும். ஒரு மடையில் தொடங்கி, காவல் சாமியான மாடனின் பீடம் இருக்கும் வளைவு வரைக்கும் அப்படித்தான். ஒரு பக்கம் கால்வாய், மறு பக்கம் பள்ளத்தில் வயல். தடுப்புச் சுவர் கிடையாது. எதிரே இன்னொரு பஸ் வந்தால் இரண்டு டிரைவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்த வேண்டும். படித்துறையில் துணி துவைப்பவர்கள் ரோட்டோரம் துணி காயப் போட்டிருப்பார்கள். அறுப்புக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். எருமைகள் தண்ணீரிலிருந்து ஏறுவது எந்த நேரம் என்று எருமைக்குத்தான் தெரியும்.

மாடன் பீடத்தைத் தாண்டும்போது டிரைவர் நீளமாக ஒரு ஹார்ன் அடிப்பார். பேனட்டில் இருக்கும் பெரியவர் மடித்த தாளிலிருந்து திருநீறு எடுத்து டிரைவர் நெற்றியில் பூசுவார். வண்டி நிற்காது. அந்த வளைவிலேயே, ஓடிக்கொண்டிருக்கும்போதே பூசுவார். நெற்றியில் கை வந்தால், துகள் விழுமே என்று கண் தானாக மூடிக்கொள்ளும். எல்லா டிரைவரும் மூடுவார்கள். நான் சேருவதற்கு முன்னால் அந்தத் தடத்தில் பயணியாகப் போகும்போது பார்த்திருக்கிறேன். ஜனங்கள் எல்லோரும் சாமியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். டிரைவர் கண்ணை மூடியிருப்பார். அந்த வளைவில் ரோட்டைப் பார்க்க ஒருத்தரும் இல்லை.

முதல் நாள் மாமா கையை நீட்டியபோது தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"என்னலே, சர்ச்சுக்குப் போற வேதக்காரனா நீ?"

"இல்ல மாமா. வண்டி நிக்கும்போது பூசுங்க."

"மாடனுக்கு முன்னால வச்சிப் பூசுததுதாம்லே காவல். ஜங்ஷன்ல டீக்கடை முன்னால வச்சிப் பூசினா டீக்கடைக்காரனுக்குத்தான் காவல்."

"அப்ப மாடனுக்கு முன்னால நிறுத்துதேன். நானே இறங்கிப் போய்ப் பூசிக்கிடுதேன்."

"நிறுத்தினா பின்னால வாற வண்டிக்காரன் நம்ம ஆளை ஏத்திட்டுப் போயிருவான்" என்று கண்டக்டர் பின்னாலிருந்து சொன்னான். அவன் சொன்னதும் உண்மைதான். தனியார் பஸ்ஸில் நேரம்தான் உயிர்.

இப்படியே நாள் போனது. ஐப்பசி மழை பிடித்துக் கால்வாய் நிறையத் தண்ணீர் வந்தது. கரையோரம் மண் கரைந்து, ரோட்டின் விளிம்பு அங்கங்கே வாயைத் திறந்திருந்தது. அந்த நாட்களில் ஒரு காலை, வளைவில் நான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நேரம் பார்த்து, மாமா சட்டென்று எட்டி என் நெற்றியில் பூசிவிட்டார். நான் தலையை இழுத்ததில் திருநீறு கண்ணில் விழுந்தது. ஒன்றும் தெரியவில்லை. காலால் பிரேக்கைத் தேடி அழுத்தினேன். வண்டி நின்று, கண்ணைத் துடைத்துப் பார்த்தால், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் துணி மூட்டையோடு ஒரு பெண் கரை விளிம்பில் ஒட்டி நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் தண்ணீர். அவள் என்னைத் திட்டக்கூட இல்லை. மூட்டையைத் தோளில் சரி செய்துகொண்டு நடந்து போய்விட்டாள்.

மாமா கையைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: "ஒண்ணும் நடக்கலல்லா. எடுலே."

அந்தச் சொல்லை வளைகுடாவில் அந்தப் பையனிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் மடை வந்ததும் வண்டியை ஓரங்கட்டினேன். "மாமா, பின்னால போங்க. மாடனைத் தாண்டினதும் வந்து இருங்க. இங்கன இருந்து அங்கன வரைக்கும்தான். அதுக்கப்புறம் கதை சொல்லுங்க, கேக்கேன்."

"போகலைன்னா?"

எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மடையின் சுவரில் போய் உட்கார்ந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

கண்டக்டர் வந்து கெஞ்சினான். "அண்ணே, பைய ஓட்டிட்டுப் போயிருவோம்ணே. மொதலாளிக்கு போன் போயிரும்."

"போகட்டும்."

"உங்களுக்குக் கிறுக்கு ஏதும் பிடிச்சிருக்கா?"

"பேனட் காலியாகட்டும், தெளிஞ்சிரும்."

அந்த நடையில் பாதிப் பேர் பீடி சுற்றும் பெண்கள். சுற்றிய கட்டுகளைப் பையில் வைத்து மடியில் வைத்திருப்பார்கள். நேரம் தப்பினால் பீடிக் கடையில் கட்டு எடுக்க மாட்டார்கள். முதலில் அவர்கள் என்னைத்தான் ஏசினார்கள். என் வம்சத்தில் ஒருவரையும் விடவில்லை. நான் சுவரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒருத்தி எழுந்து முன்னால் வந்தாள்.

"மாமா, எந்திரிச்சிப் பின்னால வாங்க."

"நான் ஏன் எந்திரிக்கணும்? எங்க வீட்டு வண்டி."

"வண்டி உங்க வீட்டுதுதான். மழையில இந்தக் கட்டு நமுத்துப் போச்சுன்னா உங்க வீட்லயா வாங்குவிய? இடம் இல்லன்னா என் மடியில இருங்க. அத்தைட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

ஒரே சிரிப்பு. மாமாவின் முகம் கறுத்துவிட்டது. எழுந்தார், பின்னால் போகவில்லை. குடையை விரித்து இறங்கினார். என்னைத் தாண்டும்போது நின்றார்.

"என்னைய நடக்க வச்சிட்ட. இருக்கட்டும்."

"ஏறுங்க மாமா. பின்னால இருங்க, போவோம்."

அவர் கரை மேல் நடக்க ஆரம்பித்தார். பஸ்ஸை எடுத்து அவரை மெதுவாகக் கடந்து போனேன். கண்ணாடியில் குடை சிறிதாகிக்கொண்டே வந்தது. எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஆனால் அன்று அந்த வளைவில் ரோடு முழுவதும் எனக்குத் தெரிந்தது.

மாலையில் முதலாளி கூப்பிட்டுவிட்டார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"எங்கம்மை கூடப் பொறந்தவரு வே. இந்த வண்டிக்கு முதல் தேங்கா உடைச்சவரு. மழையில நடந்து வந்திருக்காரு."

"பின்னால சீட் இருந்துச்சு அண்ணாச்சி."

"இத்தன காலமா அவரு அங்கனதான் இருந்து வாராரு. எத்தனையோ டிரைவர் மாறியாச்சு. ஒரு நாளாவது ஏதாவது நடந்திருக்கா? நீரே சொல்லும்."

"நடக்கல."

"பின்ன?"

"நடக்கலைங்கதுக்காக நான் கண்ண மூட முடியாது அண்ணாச்சி."

அவர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "நாளைக்கு மாமா வருவாரு. பேனட்டுல இருப்பாரு. திருநீறும் பூசுவாரு. முடிஞ்சா ஓட்டும். முடியலன்னா சாவியக் கண்டக்டர்ட்ட குடுத்திட்டுப் போயிரும். வைராக்கியம் பிடிச்ச ஆளு நீரு, நல்லா ஓட்டுவீரு, அதனால சொல்லுதேன். யோசிச்சிக்கிடும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி சுளகை மடியில் வைத்துப் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு இருந்திட்டுப் போனா உங்களுக்கு என்ன?"

நான் அவள் கையில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்தேன். இலை வெட்டும்போது யாராவது அவள் கையை இடித்தால் வீடு இரண்டாகிவிடும். அவளும் கத்தரிக்கோலைப் பார்த்தாள்.

"நான் வீடு மாற மாட்டேன்" என்றாள். "அதை மட்டும் ஞாபகம் வச்சிக்கிடுங்க. மத்தது உங்க இஷ்டம்."

மறுநாள் காலையில் மாமா ஏறினார். வேட்டி மொடமொடவென்று இருந்தது. பேனட்டில் உட்கார்ந்து, நேரே முன்னால் பார்த்தார். மடை வரை ஓட்டினேன். அங்கே நிறுத்தி, அவரைப் பார்த்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சாவியைக் கண்டக்டரிடம் கொடுத்தேன். அவன் வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். சட்டைப்பையில் போட்டுவிட்டு இறங்கி நடந்தேன். வேறு டிரைவர் வந்து அந்த வண்டியை எடுத்துப் போக வெகுநேரம் ஆகியிருக்கும். பீடிக்காரப் பெண்கள் என்னை என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. சொல்லியிருப்பார்கள்.

கொஞ்ச நாள் சும்மா இருந்தேன். பிறகு வாழைத்தார் லோடு அடிக்கும் சின்ன லாரி ஒன்று கிடைத்தது. அதே வழி, அதே கால்வாய்க் கரை. வீடு மாற வேண்டியிருக்கவில்லை. லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு சீட் இருந்தது. தோட்டக்காரர்கள் அதில் ஏறிக்கொண்டு தார் விலையைப் பற்றி மார்க்கெட் வரை பேசுவார்கள். லாரிக்காரரிடம் கேட்டுவிட்டு ஸ்பேனர் எடுத்து அந்த சீட்டைக் கழற்றினேன். இப்போது அது எங்கள் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் கிடக்கிறது. மனைவி அதில் உட்கார்ந்துதான் பீடி சுற்றுகிறாள். முதுகுக்கு நன்றாக இருக்கிறதாம்.

போன மாதம் லாரி பட்டறையில் நின்றது. அந்த பஸ்ஸில்தான் ஜங்ஷனுக்குப் போக வேண்டியிருந்தது. முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புது டிரைவர் நல்ல பையன், நன்றாகத்தான் ஓட்டுகிறான். மாமா பேனட்டில் இருந்தார். என்னைப் பார்த்தார், பார்க்காத மாதிரி பேச்சைத் தொடர்ந்தார். மடை வந்தது. வளைவு வந்தது. ஹார்ன் அடித்தது, தாள் பிரிந்தது, கை போனது. பையன் கண்ணை மூடித் திறந்தான். வண்டி வளைவைத் தாண்டிவிட்டது.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார்.

"பார்த்தியாலே? ஒண்ணும் நடக்கல."

"நான் பார்த்துக்கிட்டுத்தான் வந்தேன் மாமா. அவன்தான் பார்க்கல."

பையன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். "ரோட்டப் பாருடே" என்றேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். கண்டக்டராக இருக்கும்.

தாளை மடிக்கப் போன மாமா நிறுத்திவிட்டுக் கையை என் பக்கம் நீட்டினார். "உனக்கு வேண்டாமாக்கும்?"

"ஏன் வேண்டாம்? நான் ஓட்டலையே" என்று சொல்லிக் குனிந்தேன். அவர் நெற்றி நிறையப் பூசினார், விரல் கொஞ்சம் அழுத்தமாகவே பட்டது. ஓட்டாதவன் கண்ணை மூடிக்கொள்ளலாம். மூடிக்கொண்டேன்.

திறந்ததும் முதலில் டிரைவர் கண் எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தேன்.